போகம்பரையில் செல்லாமற்போன கோல்

பந்து வலைக்குள் விழுந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. போகம்பரை மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். மூலையிலிருந்து உயரமாக வந்த பந்து, அதைப் பிடிக்கக் குவியலாக எழும்பிய தலைகள், அவற்றுக்கெல்லாம் மேலே மயில்வாகனம். அடுத்த கணம் வலை உப்பியது. அவனுடைய ஊரான மஹய்யாவைச் சனம் முழுவதும் "கோல்!" என்று ஒரே குரலில் கத்தியது. குடைகள் மேலே பறந்தன. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். பெரிய மனிதர்கள் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டார்கள்.

விசிலும் ஊதியது. ஆனால் நடுவர் செல்லப்பாவின் கை மைதானத்தின் நடுவைக் காட்டவில்லை. கோல் கம்பத்துக்கு முன்னால் ஓர் இடத்தைக் காட்டியது. மயில்வாகனம் பந்தைக் கையால் தட்டிவிட்டான்; கோல் செல்லாது; எதிரணியான கட்டுகஸ்தோட்டைக்கு அந்த இடத்திலிருந்து ஃப்ரீ கிக்.

மயில்வாகனம் நெற்றியைத் தட்டிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"தலை மச்சான்! தலையால அடிச்சேன் மச்சான்!"

"மைதானத்துல நான் ஒனக்கு மச்சான் இல்ல. கை பட்டிச்சு. போ."

மச்சான் என்று அவன் சும்மா கூப்பிடவில்லை. செல்லப்பா அவனுடைய சொந்த அக்காவின் கணவர். இருவரும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிடுகிறவர்கள்.

1933ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் அது. கண்டி வட்டாரக் கழகங்களுக்கிடையே நடந்த ஷீல்டு போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மஹய்யாவை யூனியன். நகரத்தின் தெருவையும் தண்ணீர்க் குழாயையும் பராமரிக்கிற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். மறுபக்கம் மகாவலி ஆற்றுப் பாலத்தடியிலிருந்து வந்த கட்டுகஸ்தோட்டை ரிவர்சைட். பெரும்பாலும் முஸ்லிம் கடைக்காரர்களின் பிள்ளைகள். இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தன. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் எல்லாருக்கும் வோட்டு வந்து நடந்த முதல் தேர்தலன்றுகூட கண்டியில் இவ்வளவு சனம் ஓரிடத்தில் சேரவில்லை என்றார்கள்.

மஹய்யாவை அணி செல்லப்பாவைச் சூழ்ந்துகொண்டு நியாயம் கேட்டது. அவர்களுடைய கோல் காப்பாளனும் தன் இடத்தை விட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டான். அதுதான் வினை. கட்டுகஸ்தோட்டை அணித்தலைவர் ஜமால்தீன் ஒரு வார்த்தை பேசாமல் பந்தை வைத்தார், நீளமாக உதைத்தார், அவருடைய ஆள் ஒருவன் ஆளில்லாத பாதி மைதானத்தைத் தனியே கடந்து போய்ப் பந்தைக் காலியான கோலுக்குள் உருட்டிவிட்டான்.

செல்லப்பா திரும்பிப் பார்த்தார். சட்டப்படி அதில் ஒரு பிழையுமில்லை. விசிலை வாயில் வைத்து, இந்த முறை மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு சனம் உள்ளே பாய்ந்தது. தோடம்பழத் தோலும் செருப்பும் பறந்தன. பொலிஸ்காரர்கள் செல்லப்பாவை நடுவில் விட்டு வட்டமாக நின்றார்கள். அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு அவர் முடிவு விசிலை ஊதினார். மூச்சு முட்ட, மிக நீளமாக ஊதினார்.

செல்லப்பா தொழிலால் தையற்காரர். திருகோணமலை வீதியில் இரண்டு மெஷின் போட்ட கடை. பிறந்தது மஹய்யாவையில், அவருடைய தகப்பன் தென்னிந்தியாவிலிருந்து வந்து நகரத்துத் தெரு வேலையில் சேர்ந்தவர். வாலிபத்தில் இதே யூனியனுக்கு இடதுபக்கக் காப்பாளராக ஆடினார். முழங்கால் முறிந்தபின் விசிலை எடுத்துக்கொண்டார். வீட்டில் அவர் ஒரு முடிவும் எடுக்க மாட்டார். காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்பதையே மனைவி வடிவம்மாதான் சொல்ல வேண்டும். கோட்டுத் துணியை வெட்டுமுன் ஆளை மூன்று தடவை கேட்பார். ஆனால் விசில் வாய்க்குப் போனால் மனிதர் வேறு ஆள். கண் பார்க்கும்போதே கை நீண்டுவிடும். அந்த வேகத்தில் அவருக்கு ஒரு போதை இருந்தது. தானே தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

அன்று மாலை அந்தக் கோட்டின் முதுகில் ஒரு முட்டை உடைந்திருந்தது. பொலிஸ்காரர்கள் ரிக்ஷா பிடித்துத் தருகிறோம் என்றார்கள். அவர் நடந்தே போகிறேன் என்றார். கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பெருந்தெருதான் மஹய்யாவைக்கும் போகிறது. பாதி வழியில் பின்னால் றபான் மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது. வெற்றி பெற்றவர்களின் பஸ். கூரையில் ஷீல்டைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள். பஸ் அவரருகில் நின்றது. ஜமால்தீன் தலையை வெளியே நீட்டினார்.

"செல்லப்பா, ஏறுங்கொ! நடந்து போனா ஒங்கள உசிரோட உட மாட்டானுகள்."

"ஒங்க பஸ்ல ஏறிப் போனாத்தான் விடமாட்டாங்க. நீங்க போங்க ஐயா, புண்ணியமாப் போகும்!"

பஸ் போனது. ஆனால் ஊருக்குப் போக அது மஹய்யாவையைக் கடந்துதானே ஆகவேண்டும். செல்லப்பா வளைவைத் தாண்டியபோது கண்ணாடி நொறுங்கும் சத்தமும், அதையும் மிஞ்சிய றபான் சத்தமும் கேட்டன.

வீட்டில் வடிவம்மா வாசலிலேயே நின்றாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"என் தம்பி போட்ட கோல வேணாம்னுட்டீங்களாமே?"

"கையால அடிச்சான் வடிவு."

"அவன் தலையாலங்கிறான்."

"நான் பார்த்தேன்."

"நான் பார்க்கலையே! பொய் சொல்றது நீங்களா, அவனா? ரெண்டு பேருக்கும் நான்தானே சோறு போடுறேன், எனக்குத் தெரிய வேணாமா?"

உள்ளே மயில்வாகனம் துணிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். செல்லப்பாவின் முகத்தைப் பார்க்காமலே அதைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியேறினான். தெருவில் அவனுக்காகக் காத்திருந்த கூட்டம் அவனைப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் கடை திறந்ததும் ஆட்கள் வந்தார்கள். தீபாவளி நெருங்கிய நேரம். அலுமாரி நிறையத் துணி இருந்தது. ஆனால் வந்தவர்கள் துணி கொடுக்க வரவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்க வந்தார்கள். வெட்டாத துணியை மடிப்போடு கொண்டுபோனார்கள். வெட்டின துணியைத் துண்டு துண்டாகக் கொண்டுபோனார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளை தன் கோட்டைக் கேட்டான்.

"தம்பி, ஒரு கைதான் வச்சிருக்கேன். இன்னொரு கை வைக்கணும். மத்தியானம் வரைக்கும் பொறு."

"கையைப் பத்தி நீ பேசாதய்யா!" என்று கத்திவிட்டு, அவன் ஒரு கைக் கோட்டைப் பறித்துக்கொண்டு போனான். தெருவே சிரித்தது. செல்லப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

அதற்குள் கதைகள் முளைத்துவிட்டன. கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர்கள் அவருக்குப் பட்டுத் துணி அனுப்பினார்கள் என்றது ஒரு கதை. அவருக்குக் கண் பார்வை இல்லை, நூல் கோப்பதே வடிவம்மாதான் என்றது இன்னொன்று. சந்தையில் மரக்கறி வாங்கப் போனவர்கள் கத்தரிக்காயைத் தூக்கிப் போட்டுத் தலையால் முட்டிக் காட்டினார்கள். தேநீர்க் கடைகள் மஹய்யாவை மேசை, கட்டுகஸ்தோட்டை மேசை என்று பிரிந்துவிட்டன. பந்தையே பார்த்திராத சிங்கள பேக்கரிக்காரர்கூடச் செல்லப்பாவைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினார்.

இரண்டாம் நாள் போட்டிக் கமிட்டியின் செயலாளர் பொன்னுத்துரை கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். நல்ல மனிதர், சத்தம் என்றால் பயம். கதிரையை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும் செல்லப்பா. நீர் ஒரு வார்த்தை சொன்னால் காணும். வெயில் கண்ணுக்குள்ள அடிச்சது, வடிவாத் தெரியேல்லை எண்டு சொல்லும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

"வடிவாத் தெரிஞ்சுதுங்களே."

"தெரிஞ்சிருக்கும். ஆர் இல்லையெண்டது? ஆனா என்ரை வீட்டு வாசலிலை விடியக் காலமை தொடக்கம் சனம் நிக்குது. மனிசி பயந்துபோய்க் கிடக்கிறா."

"என் வீட்டு வாசல்லயும் நிக்குது ஐயா. என் வீட்டுக்காரியே அதுல முன்னால நிக்கிறா. நான் பார்த்ததை எப்படிங்க பார்க்கலேங்கிறது?"

பொன்னுத்துரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அன்று பின்னேரம் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. இறுதி ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். கட்டுகஸ்தோட்டை ஷீல்டைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு கூட்டத்தின் கோபத்தை ஆற்றப் போய்க் கமிட்டி இன்னொரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டது. மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டைக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் றபானும் ஷீல்டுமாகப் பாலத்தடியிலிருந்து புறப்பட்டார்கள். வழியில் மஹய்யாவையில் அவர்களைக் கண்ட யூனியன்காரர்கள் சும்மா விடுவார்களா? மயில்வாகனத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஒரு ஊர்வலம் இரண்டாகித் திருகோணமலை வீதிக்குள் நுழைந்தது. கமிட்டி கூடுகிற மாடி அறை செல்லப்பாவின் கடைக்கு எதிரே இருந்தது. பொன்னுத்துரை மாடி ஜன்னலில் தோன்றினார்; ஒரே இரைச்சல்; உடனே மறைந்தார். அவர் மறைந்ததும் இரண்டு கூட்டமும் திரும்பிப் பார்த்தன. எதிரே கடை வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு செல்லப்பா நின்றுகொண்டிருந்தார்.

"திருட்டு ரெபரி!" என்றது மஹய்யாவை.

"சென்ன சொல்லுல நில்லும் செல்லப்பா! கோல் இல்லயெண்டா இல்லதான்!" என்றது கட்டுகஸ்தோட்டை.

எங்கிருந்தோ வந்த கல் கடையின் கண்ணாடியில் விழுந்தது. அப்போதுதான் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வடிவம்மா வந்தாள். மஹய்யாவையிலிருந்து தம்பியின் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. தோள்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த மயில்வாகனத்தின் காலைப் பிடித்து இழுத்தாள்.

"டேய் மயிலு! கல்லு அவரு தலையில விழுந்திருந்தா? இங்க பாரு. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. தலையா, கையா?"

"விடுக்கா..."

"சொல்லுடா!"

மயில்வாகனம் கீழே பார்த்தான். அக்காவையும், உடைந்த கண்ணாடியையும், அதன் பின்னால் அசையாமல் நின்ற மச்சானையும் பார்த்தான். திடீரென்று தொண்டை கிழியக் கத்தினான்.

"கைதான்! கையாலதான் அடிச்சேன்! கோல் ஆகணும்னு அடிச்சேன், போதுமா?"

செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் கத்தினான்: "பொய் சொல்றான்! அக்கா புருஷனக் காப்பாத்தப் பொய் சொல்றான்!"

"அது தலைதான்! நாங்க பார்த்தோம்!"

"எங்களுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியும்?"

தூக்கிய தோள்களே அவனைத் தொப்பென்று கீழே போட்டன. மயில்வாகனம் எழுந்து ஓடிக் கடைக்குள் பாய்ந்தான். வடிவம்மாவும் பின்னால் பாய்ந்தாள். செல்லப்பா அரைக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே மூன்று பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். வடிவம்மா தம்பியின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துணுக்கை எடுத்துப் போட்டாள்.

வெளியே ஜமால்தீனின் குரல் கேட்டது. அவர் ஷீல்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கடை வாசல் படியில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்கொ! ரெபரிய வெலக்கி வாங்கித்தான் நாங்க வென்ட எண்டு செல்றீங்க. எங்களுக்கு அந்த வெற்றி வாணாம். திரும்ப ஆடுறம். திரும்பயும் வெல்லுறம். ஆனா ஒண்டு: விசில் செல்லப்பாட வாயிலதான் ஈக்கணும். வேற ஆள் வந்தா நாங்க வர மாட்டம்."

"அவனா? முடியவே முடியாது!" என்றது மஹய்யாவை.

அரைக் கதவுக்கு மேலே மயில்வாகனத்தின் தலை எழும்பியது. கன்னம் சிவந்திருந்தது.

"அவரு ஊதினாத்தான் நானும் ஆடுவேன்! இல்லாட்டிப் போங்க, கோல் போட வேற ஆளப் பாருங்க!"

யூனியனில் கோல் போட வேறு ஆள் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். கூட்டம் முணுமுணுத்தது, தங்களுக்குள் சண்டை போட்டது, கடைசியில் சரி என்றது. மாடி ஜன்னலில் பொன்னுத்துரை மறுபடி தோன்றி, கமிட்டியும் அதைத்தான் நினைத்திருந்தது என்று அறிவித்தார்.

மறு ஆட்டத்துக்குக் கண்டிக்காரர்கள் மட்டுமல்ல, அக்குறணையிலிருந்தும் அலவத்துகொடையிலிருந்தும்கூட பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாதவர்களெல்லாம் செல்லப்பா என்ன செய்வார் என்று பார்க்க வந்தார்கள். வடிவம்மாவும் வந்தாள். அவள் ஆட்டம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பெரிய குடை. வரும்போது, "இன்னைக்கு நானே பார்க்கிறேன்" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள்.

என்ன ஆட்டம் அது! தொடங்கியதுமே மயில்வாகனம் ஒரு கோல் போட்டான். காலால், யாரும் வாய் திறக்க முடியாத கோல். ஜமால்தீன் அதைச் சமப்படுத்தினார். இரண்டாம் பாதியில் கட்டுகஸ்தோட்டை முந்தியது. சனம் குதிக்கக் குதிக்க மயில்வாகனம் மறுபடி சமப்படுத்தினான். செல்லப்பா முறிந்த முழங்காலோடு பந்தின் பின்னாலேயே ஓடினார். ஊதின ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பக்கம் உறுமியது, மறுபக்கம் கைதட்டியது.

அப்போது ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை வந்தது. ஐப்பசி மழை, இடியோடு. சிறிது நேரத்தில் மைதானம் குளமாகிவிட்டது. சேறு பூசியதில் எந்தச் சட்டை எந்த அணி என்று தெரியவில்லை. ஒரு மின்னல் வெட்டியதில் எல்லாரும் குனிந்தார்கள். செல்லப்பாவுக்குத் தன் கையே தெரியவில்லை. அந்த இருட்டில், கோலுக்கு முன்னால், பந்து சேற்றில் புதைந்து கிடந்தது. ஜமால்தீன் ஒரு பக்கமிருந்தும் மயில்வாகனம் மறுபக்கமிருந்தும் அதை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

செல்லப்பா நீளமாக விசில் ஊதினார். இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. சமன்.

"என்ன மச்சான் இது!" என்றான் மயில்வாகனம்.

"என்ன செல்லப்பா இது!" என்றார் ஜமால்தீன்.

"இடி விழுது. கண்ணு தெரியல. ஒருத்தன் செத்தா யாரு பதில் சொல்றது? முடிஞ்சுது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை நின்றுவிட்டது. தூறல்கூட இல்லை. மேகம் கிழிந்து மலைக்கு மேலே மாலை வெயில் பளிச்சென்று அடித்தது. ஈரப் புல் பொன்னாக மின்னியது. சேற்றுக்குள் பந்து எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

சனம் வானத்தைப் பார்த்தது. பிறகு செல்லப்பாவைப் பார்த்தது. மஹய்யாவையும் கட்டுகஸ்தோட்டையும் சேர்ந்து ஒரே குரலில் உறுமின. அந்தச் சத்தம் அதுவரை போகம்பரையில் கேட்டதில்லை. மழை விட்டதற்கும் அவர்தான் பொறுப்பு!

"மறுபடி தொடங்கும் செல்லப்பா, தயவு செய்து தொடங்கும்!" என்று பொன்னுத்துரை ஓடி வந்து கெஞ்சினார்.

"ஊதினா ஊதினதுதான் ஐயா."

சேற்று உருண்டைகள் பறந்து வந்தன. மஹய்யாவைக்காரர் ஒருவர் குறி தவறும்போது, பக்கத்தில் நின்ற கட்டுகஸ்தோட்டைக்காரர், "கொஞ்சம் உசத்தி எறியுங்கொ" என்று சொல்லிக் கொடுத்தார். கல்லெறிந்து பஸ் கண்ணாடி உடைத்தவரும், அந்த பஸ்ஸில் வந்தவரும் தோளில் தோள் இடிக்க நின்று செல்லப்பாவைத் திட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு வசவைத் தொடங்க மறுபக்கம் அதை முடித்து வைத்தது.

அந்த நேரம் வடிவம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினாள். செருப்பு சேற்றில் சிக்கியது, விட்டுவிட்டு வந்தாள். வெயில் அடிக்கிற மைதானத்தின் நடுவில் குடையை விரித்துக் கணவனுக்கு முன்னால் பிடித்தாள். சேறு குடையில் படார் படார் என்று விழுந்தது.

"எறிங்கடா! என் கண்ணால பார்த்தேன். அந்த இருட்டுல பேயும் பந்து பார்க்காது! அவரு நிறுத்தினது சரிதான்!"

ஜமால்தீன் முதலில் சிரித்தார். பிறகு மயில்வாகனம் சிரித்தான். இருவரும் வந்து செல்லப்பாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். குடைக்குப் பின்னால் நால்வருமாக மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்கள். நடக்க நடக்க, திட்டிக்கொண்டு நின்ற சனத்திலும் சிரிப்புப் பரவியது. ஆனால் திட்டு நிற்கவில்லை.

ஷீல்டை ஆறு மாதம் ஓர் ஊர், ஆறு மாதம் மற்ற ஊர் வைத்துக்கொள்வது என்று கமிட்டி தீர்த்தது. அதற்கும் இரண்டு ஊரும் கோபப்பட்டன. ஆனால் களைத்துப் போயிருந்தன. தீபாவளிக்குள் துணிகள் கடைக்குத் திரும்பி வந்தன. இந்தத் தடவை கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் வந்தன. மயில்வாகனம் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்தச் செல்லாத கோல் தலையா கையா என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை. அவனே பல தடவை சத்தியம் செய்து பார்த்தான். மஹய்யாவையில் அவனை யாரும் நம்பவில்லை.

அடுத்த பருவத்துக்கு யார் நடுவர் என்று கமிட்டி கேட்டபோது இரண்டு கழகமும் ஒரே பெயரைத்தான் சொன்னன. "அந்த ஆள் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அநியாயம் செய்வான்" என்று யூனியன்காரர் ஒருவர் விளக்கம் சொன்னாராம்.

பருவத்தின் முதல் ஆட்டத்தன்று செல்லப்பா கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார். பந்து இன்னும் வைக்கப்படவில்லை. விசில் இன்னும் வாய்க்குப் போகவில்லை. அதற்குள் நாலு பக்கமுமிருந்து சனம் ஒன்றாக "ஊ!" என்று கத்தத் தொடங்கியது. செல்லப்பா நின்றார், சுற்றி ஒரு தடவை பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்போடு நடுக்கோட்டை நோக்கி ஓடினார்.